ரிஜெக்ட் இல்லாத லைன்

ஜூன் 10, திங்கள்

நான்காம் லைன் சூப்பர்வைசர் சாவித்திரி வேலையை விட்டுவிட்டார். உறுதி செய்தவர் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர். இன்று காலை மாதனூர் நிறுத்தத்தில் சாவித்திரி வேறொரு கம்பெனி பஸ்ஸில் ஏறியதை நேரில் பார்த்திருக்கிறார். ஏறும்போது டிரைவருக்குக் கையும் ஆட்டினாராம். கடிதம் இல்லை, போன் இல்லை. இந்தப் பக்கத்தில் ராஜினாமா என்பது ஒரு பஸ்ஸை விட்டு இன்னொரு பஸ்ஸில் ஏறுவதுதான்.

ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து அனுப்பும் தொழிற்சாலை இது. தைப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். என் அறைக்கதவில் ‘மனிதவள மேலாளர், தணிகாசலம்’ என்று எழுதியிருக்கிறது. செய்கிற வேலை, வராதவர்கள் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது. பல வருடம் விசாரணை அறிக்கை எழுதியதில், வீட்டுக்கு வந்து எழுதும் நாட்குறிப்பிலும் யார் சொன்னது என்று போடாமல் வரி நகர்வதில்லை.

உற்பத்தி மேலாளர் ஜெயசீலன் என் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். “சார், எனக்கு சூப்பர்வைசர் வேணும். மரத்துல காய்ச்சாலும் சரி, பறிச்சுக் குடுங்க.”

வீட்டில் மோட்டார் மறுபடி ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 12, புதன்

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து தாரிணி பேசினார். என் துறைக்குத் தலைவர். முப்பதைத் தாண்டியிருக்கலாம். மரியாதையானவர், ‘சார்’ போடாமல் பேசமாட்டார்.

“சார், வெளியில ஆள் எடுக்க வேண்டாம். லைன்ல உள்ளவங்களுக்கே ப்ரமோஷன் குடுத்தா மத்தவங்களும் நிப்பாங்க. டேட்டால ஒரு பேரு டாப்ல வருது. நிரோஷா.”

அவர் சொன்னது நியாயம். நிரோஷா நான்காம் லைனில் தைப்பவர். வயது இருபத்தாறு, பிளஸ் டூ பாஸ். தையலில் குறையே வராது.

மாலையில் கூப்பிட்டு ப்ரமோஷன் ஆர்டரை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை.

“சார், எங்க அத்தை அதே லைன்லதான் சார்.”

“எந்த அத்தை?”

“மாமியார் சார். கோவிந்தம்மா. அவங்கதான் என்னை சேத்துவுட்டாங்க.”

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருபவரை, ஏற்கெனவே இருக்கும் ஒருவர் கூட்டி வரவேண்டும். கூட்டி வந்தவர் பக்கத்து மிஷினில் உட்கார வைத்துத் தொழில் கற்றுக்கொடுப்பார். புதியவர் வராவிட்டாலும், தப்பாகத் தைத்தாலும் பேச்சு வாங்குவது சேர்த்துவிட்டவர்தான். ஆள் நிற்பதற்கு நான் வருவதற்கு முன்பே யாரோ கண்டுபிடித்த வழி, இன்றுவரை அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதனால் எங்கள் லைன்களில் அக்கா தங்கை, நாத்தனார், சித்தி என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் இதற்குக் கட்டம் கிடையாது. கோவிந்தம்மாள் நான்காம் லைனின் மூத்த தையல்காரர் என்பது எனக்குத் தெரியும். அவருடைய மருமகள் யார் என்பது தெரியாது.

வேறு லைனில் இடம் இருக்கிறதா என்று ஜெயசீலனைக் கேட்டேன்.

“மாமியா, மருமகள்னா இன்னா சார், சீரியலா ஓடுது? வேலைதான?”

நிரோஷா கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 13, வியாழன்

லைனில் அறிவித்தோம். சூப்பர்வைசருக்கு உண்டான நீலக் கோட்டு நிரோஷாவுக்குத் தோளில் நிற்கவில்லை. பக்கத்து மிஷின் அம்சா கத்தினார், “நிரோ, உங்க அத்தைக்கு ஒரு ஆர்டர் போடு, பாப்போம்!”

கோவிந்தம்மாள் தைத்துக்கொண்டே சொன்னார். “வூட்ல நான் சூப்பரைசரு, இங்க அவ. பஸ்ஸுலதான் ரெண்டு பேரும் பொம்பளைங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நிரோஷாவும் சிரித்தார். தலை குனிந்திருந்ததால் எனக்கு அப்படித் தெரிந்தது.

ஜூன் 19, புதன்

பழுப்புத் தோல் ஆர்டர் முடிந்தது. இன்றுமுதல் கறுப்புத் தோல், கறுப்பு நூல். எலெக்ட்ரீஷியன் வந்தார். மோட்டாரில் கோளாறு இல்லை, ஸ்விட்சில்தான் என்றார்.

ஜூன் 29, சனி

மாத அறிக்கை தயாரித்து சென்னைக்கு அனுப்பினேன். வராதவர்கள், விட்டுப்போனவர்கள், புதிதாக வந்தவர்கள். பாதி நாள் போயிற்று. முன்பெல்லாம் காலை டீக்கு முன் முடித்துவிடுவேன். புதிய சாப்ட்வேரில் ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் போடவேண்டியிருக்கிறது.

தாரிணி அதை நிர்வாகத்துக்கு அனுப்பி எனக்கு நகல் வைத்திருந்தார். சில எண்கள் நான் போட்டவை அல்ல. சாப்ட்வேர் தானாகவே ஏதாவது கூட்டிக்கொண்டிருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

கேன்டீன் சாம்பாரில் பருப்பே இல்லை என்று புகார். பார்க்கப் போனேன். புகார் உண்மை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் நிரோஷா இல்லை. திரும்பும் வழியில் தையல் கூடத்தைப் பார்த்தேன். விளக்குகளை அணைத்திருந்தார்கள். நான்காம் லைனில் ஒரு மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“சாப்பிடலையா?”

நிரோஷா எழுந்து நின்றார். “பழக்கம் உட்டுப்போயிடக் கூடாதுன்னு சார். கை மறந்துடும்ல.”

மடியில் தைத்த தோல் பீஸ் நாலைந்து இருந்தன. பக்கத்தில் பிரித்தெடுத்த நூல். சூப்பர்வைசர் தைக்கக் கூடாது என்பது விதி. ஆர்வம் உள்ள பெண் என்று நினைத்துக்கொண்டேன். சமையல்காரரிடம் பருப்பைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

ஜூலை 12, வெள்ளி

முதல் லைனில் இரண்டு பேர் சண்டை. ஜன்னலோர மிஷின் யாருக்கு என்பதில். இருவரையும் உட்காரவைத்துப் பேசி முடிக்க மதியம் ஆகிவிட்டது. ஜன்னலைத் திறக்கவே முடியாது, துருப்பிடித்திருக்கிறது. அது இருவருக்கும் தெரியும்.

ஜூலை 15, திங்கள்

‘மாதத்தின் சிறந்த தொழிலாளி’ என்று தாரிணி புதிதாக ஆரம்பித்திருக்கிறார். ஆளைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கும். தையலில் குறை என்று சூப்பர்வைசர் ஒதுக்கும் ரிஜெக்ட் ஒன்றுகூட வராதவர் தொழிற்சாலையில் ஒரே ஒருவர்: நான்காம் லைன் கோவிந்தம்மாள்.

எல்லோரையும் வாசலில் நிற்கவைத்து, சாப்பாட்டைச் சூடு ஆறாமல் வைக்கும் பெரிய டப்பா ஒன்றை நான் கொடுத்தேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“இத்தினி வருசம் தைக்கிறேன், இப்பத்தான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கேன். டப்பாவுல பிரியாணி போட்டுக் குடுத்திருந்தா இன்னா சார்?”

கைதட்டல். நான்காம் லைன் கொஞ்சம் தாமதமாகத் தட்டியது. சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம், பசியாக இருந்திருக்கும்.

ஜூலை 29, திங்கள்

ஆடிக் கிருத்திகை. லைன்களில் பாதிப் பேர் இல்லை. விசாரிக்கவில்லை.

ஜூலை 31, புதன்

அறிக்கை அனுப்பினேன். தாரிணி போனில் வந்தார்.

“சார், அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டு நாள் முன்னாடியே எனக்கு மட்டும் அனுப்பிடுங்க. ஃபார்மேட் மட்டும் நான் பாத்துக்கறேன்.”

நல்ல பெண். வீட்டில் சொன்னேன். என் மனைவி மல்லிகா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு ஏன் உங்க வேலைய செய்யுது?”

“வேலை இல்ல, ஃபார்மேட்.”

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நிரோஷா இன்று மதியம் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்யப்பட்டார். உத்தரவில் கையெழுத்து என்னுடையது.

ஜெயசீலன் சொன்னது இது. சாப்பாட்டு நேரத்தில் வயரிங் பார்க்கக் கூடத்துக்குள் போயிருக்கிறார். நிரோஷா மிஷினில் உட்கார்ந்து, தைத்த பீஸ்களைப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சுக்கு அடியில் இன்னொரு பை நிறைய பீஸ். எல்லாவற்றிலும் ஒரே குறை: இடையிடையே தையல் விட்டுப்போயிருக்கிறது. ஒன்றுகூட ரிஜெக்ட் கணக்கில் ஏறவில்லை.

“சார், வெளிநாட்டுக்குப் போற சரக்கு. பிரிச்ச ஓட்டையில திரும்பத் தைச்சா தோலு கிழியும். கிழிஞ்சா ஆர்டர் போச்சு. ரிஜெக்ட்ட மறைச்சிருக்கா சார், ரெண்டு மாசமா.”

“யாருடைய பீஸ்?”

“கேட்டேன். வாயத் தொறக்கல. திட்டினேன், அப்பவும் தொறக்கல.”

குற்றம் நிரூபணமானால் வேலை போகும். அப்படிப் போனவரை இந்தப் பக்கத்தில் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது. எடுக்கும் முன் எங்களைத்தான் கேட்பார்கள்.

வாசலில் நிரோஷா நீலக் கோட்டைக் கழற்றி மடித்து செக்யூரிட்டியிடம் கொடுத்திருக்கிறார். மாலையில் கோவிந்தம்மாள் என் அறைக்கு வந்தார்.

“இன்னா சார் பண்ணா அவ?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க சார். நான் போனா வாய மூடிக்கிறாளுங்க.”

விசாரணையில் தெரியும் என்றேன். அதுதான் சொல்லக்கூடிய பதில்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நிரோஷாவின் எழுத்துப்பூர்வ பதில் வந்தது. ஒரே வரி: ‘நான் தைத்தது தவறுதான்.’ யார் பீஸ் என்பது இல்லை.

விசாரணைக்கு உதவியாக சக தொழிலாளி ஒருவரை அழைத்துவரலாம். நிரோஷா யார் பெயரும் எழுதவில்லை. அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த கோவிந்தம்மாள் தன் பெயரைச் சொன்னார். “நான்தான சேத்துவுட்டேன்? நான்தான் வரணும்.”

ஆகஸ்ட் 21, புதன்

விசாரணை நடந்தது. விசாரித்தவன் நான். கீழே எழுதுவது நான் நேரில் கேட்டது.

ஜெயசீலன் மூன்று பீஸ்களை மேஜையில் வைத்தார். “இது யாருது?”

“என்னுது சார்” என்றார் நிரோஷா.

“நீ சூப்பர்வைசர். உனக்கு ஏது பீஸ்?”

கோவிந்தம்மாள் ஒன்றை எடுத்தார். முகத்துக்கு நேராகப் பிடித்தார். தள்ளிப் பிடித்தார். எழுந்து ஜன்னலுக்குப் போனார். கடைசியில் கட்டைவிரல் நகத்தால் தையலை ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி நின்றது.

“இது நான் தைச்சது.”

“அத்தை, நீங்க சும்மா இருங்க.”

“மூலையில திருப்பறது என் கைடி. எனக்குத் தெரியாதா?” அவர் இன்னும் ஜன்னலோரமே நின்றிருந்தார். “எத்தினி நாளா?”

“கறுப்புத் தோலு வந்ததுல இருந்து. கறுப்பு மேல கறுப்பு, உங்களுக்குத் தெரியல அத்தை.”

“எல்லாமேவா?”

“எல்லாம் இல்ல. பாதி.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“எப்படி அத்தை சொல்றது? லைனே பாக்க உங்க எதிர்ல ரிஜெக்ட்னு எடுத்து வெச்சிட்டு, சாயந்தரம் உங்க கூடவே பஸ்ஸேறி வூட்டுக்கு வரணும். சொன்னா நீங்க வேலைய உட்ருவீங்க. அந்த மிஷினு இல்லாம நீங்க வூட்ல எப்படி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“உன் தையல நான் பிரிச்சுப் போடல? இதே லைன்ல, அத்தினி பேரு எதிர்ல? கழுதன்னு கூடத் திட்டல? வூட்டுக்கு வந்து உனக்கு சோறு போடல?”

நிரோஷா அழ ஆரம்பித்தார். கோவிந்தம்மாள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“அம்சாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்போ லைனுக்கே தெரியும். வாசல்ல நிக்க வெச்சு டப்பா குடுத்தப்போ எல்லாருக்கும் தெரியும். நான் இளிச்சுக்கினு வாங்கறேன், நீ கை தட்டற.”

ஜெயசீலன் குறுக்கிட்டார். “எம்மா, இது அவளுக்கு நடக்குற விசாரணை.”

“நீ இரு சார்.” என் பக்கம் திரும்பினார். “எழுது சார். தையல் என்னுது. மறைச்சது அவ. ரெண்டையும் எழுது. ஒண்ண உட்டுட்டு ஒண்ண எழுதாத.”

எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது கோவிந்தம்மாள் முன்னால் நடந்தார். நிரோஷா பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு.

ஆகஸ்ட் 22, வியாழன்

அறிக்கையை முடித்தேன். குற்றச்சாட்டு நிரூபணமானது, வேறுவிதமாக எழுத வழியில்லை. ஆனால் மருமகளை மாமியாருக்கு மேலே வைத்தது நாம் என்பதையும், மறுத்துச் சொல்ல அவருக்கு நாம் இடம் கொடுக்கவில்லை என்பதையும் எழுதினேன். என் பரிந்துரை: எச்சரிக்கை மட்டும். கோவிந்தம்மாளுக்குக் கண் பரிசோதனை. கறுப்பு ஆர்டர் முடியும்வரை அவருக்குப் பசை ஒட்டும் வேலை.

மாலையில் தாரிணி பேசினார்.

“படிச்சேன் சார். உங்க பரிந்துரை புரியுது. ஆனா ரூல்படி பார்த்தா இது டெர்மினேஷன். ஒருத்தரோட குறைய மறைச்சு, ரெக்கார்டுல வராம தானே சரி பண்ணியிருக்காங்க. அவங்க நல்ல எண்ணத்துல பண்ணாங்கங்கறது வேற.”

ஆமாம் என்றேன். பிறகு, “மேடம், என் மாத அறிக்கையில நீங்க என்ன மாத்தறீங்க?” என்று கேட்டேன்.

“பெருசா ஒண்ணும் இல்ல சார். ஃபார்மேட்தான்.”

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. போனில் அவருடைய அறை மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“சார், நிஜமா சொல்லணுமா?”

“சொல்லுங்க.”

சொன்னார். என் எண்களில் இருந்த தப்புகள், ஒவ்வொன்றாக. நேரம் ஆனது. குறித்துக்கொண்டே வந்தேன், தாளைத் திருப்ப வேண்டியிருந்தது.

“எப்போதிலிருந்து?” என்றேன்.

“போன வருஷத்துலேர்ந்து சார். உங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல.”

நிரோஷா விஷயத்தை நான் மறுபடி எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. குட்நைட் சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை. சளியாக இருக்கலாம்.

மல்லிகா என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஃபார்மேட் இல்லை, வேலைதான் என்றேன். “உக்காருங்க, தோசை ஊத்தறேன்” என்றாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

உத்தரவு வரவில்லை. தாரிணி இன்று விடுப்பு என்று அவருடைய அலுவலகத்தில் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கண் மருத்துவமனையில் கோவிந்தம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லியிருக்கிறார்கள். சீட்டை நான் பார்த்தேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி அடுத்த மாதம் கொடுப்பார்கள். பசை ஒட்டும் வேலைக்கு மாற்றும் உத்தரவைக் கொடுத்தேன். சென்னையிலிருந்து நிரோஷாவுக்கு என்ன வருகிறதென்று தெரியாமல் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். வற்புறுத்த எனக்குத் தெம்பில்லை.

நான்காம் லைனை ஜெயசீலன்தான் பார்த்துக்கொள்கிறார். கோவிந்தம்மாள் இப்போது தைத்த ஒவ்வொரு பீஸையும் அவரிடம் எடுத்துப் போகிறார். நான் நின்று பார்த்தேன்.

“பாரு சார்.”

“இங்க ஒண்ணு உட்டுப்போயிருக்கு.”

“எங்க? விரலை வெச்சுக் காட்டு.”

காட்டினார். கோவிந்தம்மாள் தானே அதை ரிஜெக்ட் பக்கம் எடுத்து வைத்தார். லைன் முழுக்கத் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தது. அம்சா மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நூலை நாக்கில் நனைத்துக்கொண்டார்.

“இவங்களோட எத்தினி நாளைக்கு சார்?” என்று ஜெயசீலன் என்னிடம் தனியாகக் கேட்டார். குரலில் பழைய கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

மாலை பஸ் கிளம்பும் முன் கோவிந்தம்மாள் என்னை நிறுத்தினார்.

“எப்ப சார் சொல்லுவாங்க?”

“இந்த வெள்ளிக்கிழமை.”

“சேத்துக்குவாங்களா?”

“தெரியல. உண்மையிலேயே தெரியல.” பிறகு கேட்டேன், “வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?”

“இல்ல சார். அவ போடறா, நான் துன்றேன். அவ்ளோதான்.” டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “அவ வரட்டும். வந்து இதே லைன்ல, எல்லார் எதிர்ல, என் பீஸ எடுத்து ரிஜெக்ட்னு சொல்லட்டும். சொல்லிட்டான்னா அன்னிக்கு வூட்ல நான் பேசறேன்.”

“உத்தரவு வேற மாதிரி வந்தா?”

அவர் பஸ்ஸில் ஏறினார். இருவர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. பின்னால் நின்றுகொண்டிருந்த இருவர் அதில் உட்காரவில்லை.

சென்னையிலிருந்து உத்தரவு இன்னும் வரவில்லை. தாரிணி இன்று ஒரு வரி அனுப்பியிருக்கிறார்: ‘வெள்ளி மதியத்துக்குள் சொல்கிறேன் சார், நானே நேரில் வருகிறேன்.’